பரணில் இருந்த பெட்டிகள்

உங்கள் வீட்டில் பல் குத்தும் குச்சிகள் காணாமல் போகின்றனவா? பாதி தீர்ந்த நெயில் பாலிஷ் புட்டிகள் ஒவ்வொன்றாக மாயமாகின்றனவா? மாதத்துக்கு வாங்கிய பற்பசை பத்து நாளில் காலியாகிறதா? போதாக்குறைக்கு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் உங்கள் வீட்டுக்காரர் கூடத்தில் குப்புறப் படுத்துக்கொண்டு, "பெருக்காதே, பெருக்காதே! கதவுப் பிடி ஒன்று கீழே விழுந்துவிட்டது!" என்று அலறுகிறாரா?

பயப்பட வேண்டாம். வைத்தியரிடம் போக வேண்டிய கோளாறு அல்ல. உங்கள் வீட்டில் ஒரு கார் தயாராகிக்கொண்டிருக்கிறது. உள்ளங்கையில் அடங்குகிற கார்.

குன்றத்தூரில் இருக்கும் என் சிநேகிதி ஒருத்தியின் வீட்டில்தான் இந்த விசித்திரத்தை முதன் முதலாகப் பார்த்தேன். சேக்கிழார் பிறந்த ஊர். குன்றின் மேல் முருகன் கோயில். அங்கிருந்து மேற்கே போனால் இப்போது கார்களின் ராஜ்யம். இருங்காட்டுக்கோட்டையில் 1998-ல் சான்ட்ரோ கார் வெளிவந்தது. ஒரகடத்தில் 2010-ல் ரெனோ - நிஸ்ஸான் தொழிற்சாலை திறந்தது. அவற்றுக்கு உதிரிப் பாகங்கள் செய்துகொடுக்கும் கம்பெனிகளோ கணக்கில் அடங்கா. விடியற்காலையில் தெருமுனையில் நின்று பாருங்கள். கம்பெனி பஸ்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து ஆட்களை ஏற்றிக்கொண்டு போகும். என் சிநேகிதியின் கணவரும் அப்படி ஒரு பஸ்ஸில்தான் போய் வந்துகொண்டிருந்தார்.

"பகல் பூராவும் பெரிய காரோடு மல்லாடிவிட்டு வருகிறாரே, ராத்திரி சின்னக் கார் வேறு வேண்டுமா? கேளேன் நீயே!" என்றாள் சிநேகிதி. கேட்டேன்.

"அங்கே நான் எங்கே கார் செய்கிறேன்? நூற்றுக்கணக்கான கார்களுக்கு ஒரே ஒரு போல்ட்டை முடுக்குகிறேன். இங்கேதான் ஒரு கார் முழுசாக என்னுடையது" என்றார் அவர்.

எனக்கு அந்தப் பதில் பிடித்திருந்தது. சிநேகிதிக்குப் பிடிக்கவில்லை. பெட்டி ஒன்றின் விலை அவளுக்குத் தெரியுமல்லவா!

பெட்டி என்றா சொன்னேன்? அதைச் சற்று விளக்க வேண்டும். கடையில் விற்கும் பொம்மைக் காரை இவர்கள் வாங்குவதில்லை. பெட்டியைத் திறந்தால் சட்டம் சட்டமாகப் பிளாஸ்டிக். அதில் கொடியில் காய் தொங்குவது போல நூற்றுக்கும் மேற்பட்ட துண்டுகள். ஒவ்வொன்றையும் கத்தரித்து, உப்புத்தாளால் தேய்த்து, சாயம் அடித்து, பசை தொட்டு ஒட்ட வேண்டும். எஞ்சின் உண்டு, ஸ்டியரிங் உண்டு, கண்ணுக்குத் தெரியாத வைப்பர் கூட உண்டு. அளவு எப்படி என்றால், பெரும்பாலும் 24-ல் ஒரு பங்கு. அசலில் ஓர் அடி, இங்கே அரை அங்குலம். 2014 வரையில் தயாரான நம் அம்பாசிடர் கார் சுமார் 14 அடி நீளம். அது இங்கே ஏழு அங்குலமாகிவிடும்.

43-ல் ஒன்று என்றும் ஓர் அளவு உண்டு. இதென்ன கணக்கில் சேராத எண் என்று நான் முகம் சுளித்தேன். லிவர்பூலில் ஃபிராங்க் ஹார்ன்பி என்பவர் பொம்மை ரயில் செய்து விற்றார். ரயிலுக்கு ஓர் அடிக்கு 7 மில்லிமீட்டர் என்று கணக்கு. அந்த ரயில் நிலையத்தின் வாசலில் நிறுத்துவதற்காக 1930-களில் கார்களும் செய்தார்கள். அவைதான் பிற்பாடு 'டிங்கி' என்று உலகமெல்லாம் பெயர் வாங்கின. அடியும் மில்லிமீட்டரும் கலந்து செய்த சம்பந்தம். பிறந்த குழந்தை 43! 'மாட்ச்பாக்ஸ்' கார்களின் கதை இன்னும் ரசமானது. லண்டனில் ஜாக் ஓடெல் என்ற பொறியாளரின் பெண் படித்த பள்ளிக்கூடத்தில், தீப்பெட்டிக்குள் அடங்கும் பொம்மையைத்தான் கொண்டுவரலாம் என்று கட்டளை. அப்பா பித்தளையில் தீப்பெட்டிக்குள் அடங்கும் ரோடு ரோலர் ஒன்று செய்து கொடுத்துவிட்டார். 1953-ல் கம்பெனியின் சரக்காகவே அது ஆகிவிட்டது. ஒரு பெண் குழந்தையால் வந்த வியாபாரம் என்பதை நாம் மறக்கக்கூடாது.

ஆனால் பெண் குழந்தைகளை வாசலிலேயே நிறுத்தியவர்களும் உண்டு. அமெரிக்காவில் ஜெனரல் மோட்டார்ஸின் கிளையான ஃபிஷர் பாடி கம்பெனி 1930 முதல் 1968 வரை ஒரு பெரிய போட்டி நடத்தியது. ஆரம்பத்தில் நெப்போலியன் காலத்து அலங்கார வண்டியை அச்சாகச் செய்துகாட்ட வேண்டும். 1937 முதல் தாங்களே கற்பனை செய்த காரையும் செய்யலாம். பரிசு, கல்லூரிப் படிப்புக்கான உபகாரச் சம்பளம். இந்தப் போட்டியால் படித்து முன்னுக்கு வந்தவர்கள் அநேகர். கார்களுக்கு உருவம் வரையும் வேலையில் அமர்ந்தவர்களும் உண்டு. எல்லாம் சரி, போட்டி பையன்களுக்கு மட்டுமே! நவராத்திரிக்குக் கண்ணாடித் துண்டைக் குளமாக்கி, கேழ்வரகை முளைக்கவிட்டுப் புல்வெளியாக்கி, அதன் நடுவே ரோடு போட்டுக் கார் ஓட்டிய நம் வீட்டுப் பெண்களை அந்தக் கனவான்கள் பார்த்ததில்லை போலும்.

இங்கிலாந்தில் ஜெரால்ட் விங்ரோவ் என்று ஒருவர். 15-ல் ஒரு பங்கு அளவில் அவர் செய்த கார்கள் நகை போல இருக்கும். அவருடைய மனைவி ஃபிலிஸும் பக்கத்தில் உட்கார்ந்து வேலை செய்தார். தம் வித்தையை ஒளிக்காமல் புத்தகமாகவே எழுதி வைத்தார் விங்ரோவ். இந்தக் கூட்டத்தாரின் நல்ல குணம் அதில் தெரிகிறது.

ஏன் ஒளிப்பதில்லை? தனியாக இருந்தால் காரியம் நடக்காது என்பதுதான் உண்மை. பெட்டியில் முன் கண்ணாடி ஒன்றே ஒன்று இருக்கும். அவசரப்பசையை அதன் அருகில் கொண்டுபோனால் ஆவி படிந்து மங்கிவிடும். ஆயிரக்கணக்கில் கொடுத்து வாங்கிய பெட்டி அதோடு வீண். அப்போது அம்பத்தூரிலோ கோயம்புத்தூரிலோ இருக்கும் இன்னொருவர் தம் 'மிச்சப் பெட்டி'யைக் குடைந்து ஒரு கண்ணாடியைத் தபாலில் அனுப்பிவைப்பார். எல்லாரிடமும் இந்த மிச்சப் பெட்டி உண்டு. இரண்டு தினுசுச் சக்கரம் கொடுத்திருந்தால் ஒரு தினுசு மிச்சம். இடப்பக்க ஸ்டியரிங்கும் வலப்பக்க ஸ்டியரிங்கும் கொடுத்திருந்தால் ஒன்று மிச்சம். நாம் அடுத்த வீட்டில் அரை டம்ளர் காப்பிப்பொடி வாங்குவதில்லையா, அது மாதிரிதான். நாமாவது திருப்பிக் கொடுத்தோமா என்று மனசுக்குள் கணக்கு வைத்துக்கொள்வோம். இவர்கள் அதுவும் வைப்பதில்லை.

மழைக்காலத்தில் லாக்கர் அடித்தால் பால் தெளித்தது போல வெளுத்துப் போகும் என்பதும், ஆறின சாயத்தைப் பற்பசையால் தேய்த்தால் பளபளக்கும் என்பதும், ஒருவர் கெடுத்துக்கொண்டு மற்றவருக்குச் சொன்ன பாடங்கள். காணாமல் போன கதவுப் பிடியைத் தேட வழி கேளுங்கள். தூசி உறிஞ்சும் மெஷினின் வாயில் பழைய நைலான் காலுறையைக் கட்டிவிட்டு உறிஞ்ச வேண்டுமாம். துண்டு காலுறையில் ஒட்டிக்கொள்ளும். எனக்கு ஒரு முறை கம்மல் திருகு இப்படித்தான் கிடைத்தது.

கம்பெனிக்காரர்களே இதற்கு இடம் கொடுப்பதும் உண்டு. ஜப்பானில் ஷிசுவோகா என்ற ஊர் இந்தப் பெட்டிகளுக்குத் தலைநகரம். அங்கே டமியா என்ற கம்பெனி 1946-ல் மர வியாபாரமாகத் தொடங்கியது. அதன் தலைவராக இருந்த ஷுன்சாகு டமியா, சின்னக் கார் சரியாக வர வேண்டும் என்பதற்காக நிஜமான போர்ஷ் கார் ஒன்றை விலைக்கு வாங்கி, அக்கு அக்காகப் பிரித்துப் பார்த்தாராம். அவருடைய வீட்டு அம்மாள் என்ன சொன்னார் என்று யாரும் எழுதி வைக்கவில்லை. ஒவ்வொரு வருஷமும் மே மாதம் அந்த ஊரில் நடக்கும் கண்காட்சியில், கம்பெனிகளின் சரக்குக்குப் பக்கத்திலேயே சாதாரண மனிதர்களின் சங்கங்களும் மேஜை போட்டுத் தாங்கள் செய்ததை வைக்கிறார்கள்.

சரி, குன்றத்தூருக்குத் திரும்புவோம்.

சிநேகிதியின் கணவர் பெட்டிக் கார்களோடு நிற்காமல், 'ஸ்டாண்டர்டு ஹெரால்டு' கார் ஒன்றைத் தாமே பிளாஸ்டிக் தகட்டில் வெட்டிச் செய்ய ஆரம்பித்திருந்தார். 1961-ல் நம் சென்னைப் பக்கத்திலிருந்தே வெளிவந்த கார் அது. அவருடைய தகப்பனார் வண்டலூர்ப் பக்கம் அந்தத் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். வாழ்நாளில் அந்தக் காரில் ஒன்றைக்கூட வாங்க முடியாதவர். பெட்டியில் கிடைக்காத காராயிற்றே, அளவு யார் கொடுப்பது? சிநேகிதர்கள் இருவர் தேடி அலைந்து, ஒரு வீட்டு வாசலில் நின்ற பழைய ஹெரால்டை டேப் வைத்து அளந்தார்கள். வீட்டுக்காரர் முதலில் போலீஸைக் கூப்பிடப் போனார். விஷயம் தெரிந்ததும் காப்பி கொடுத்தார்.

அந்தக் கார் பாதியில் இருக்கும்போது, இரண்டு வருஷத்துக்கு முன்பு, ராத்திரி ஷிப்டு முடித்து வந்தவர் மார்பைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தார். நாற்பத்தேழு வயசு.

பெயர் போட வேண்டாம் என்று சொல்லித்தான் சிநேகிதி இதை எழுத அனுமதித்திருக்கிறாள்.

பதின்மூன்றாம் நாள் காரியம் ஆனதும், பரணிலிருந்து பெட்டிகளை இறக்கினார்கள். அறுபத்து மூன்று! தொடப்படாத பெட்டிகள். "இவ்வளவு பணத்தை இதில் போட்டுவிட்டுத்தான் என்னிடம் சீட்டு கட்ட யோசித்தாரா?" என்று துக்கத்தினூடே அவளுக்குக் கோபமும் வந்தது. கோபம் வந்ததற்காக அழுதாள். நாத்தனார், "பழைய பேப்பர்க்காரனுக்கு எடைக்குப் போட்டுவிடு" என்றாள். அந்த வாரமே முன்பின் தெரியாத ஒருவர் டெலிபோனில் கூப்பிட்டு, மொத்தத்துக்கும் பத்தாயிரம் தருகிறேன், இன்றைக்கே வண்டி கொண்டுவருகிறேன் என்றார். அவளுக்குச் சரி என்று சொல்லிவிடலாமா என்று இருந்தது. எந்தக் கூட்டத்திலும் கழுகுகள் உண்டு, வாசகிகளே, இதிலும் உண்டு.

மறுநாள் காலை மூன்று பேர் வந்தார்கள். அவள் அதுவரை டெலிபோன் குரலாக மட்டுமே அறிந்தவர்கள். ஒருவர் பாங்க் குமாஸ்தா, ஒருவர் பல் வைத்தியர், ஒருவர் இவர் கம்பெனியிலேயே வேறு ஷிப்டுக்காரர். "அண்ணி, யாருக்கும் எதுவும் கொடுத்துவிடாதீர்கள்" என்றார் பல் வைத்தியர். கூடத்தில் பாயை விரித்து உட்கார்ந்து, ஒரு நோட்டுப் புத்தகத்தில் ஒவ்வொரு பெட்டியையும் பதிந்தார்கள். சில பெட்டிகள் இப்போது உற்பத்தியிலேயே இல்லை. வாங்கிய விலையைப் போலப் பல மடங்கு போகும். தங்களுக்குள் ஒரு நிபந்தனை வைத்துக்கொண்டார்கள்: விலை குறிப்பவர் வாங்கக் கூடாது, வாங்க ஆசைப்படுபவர் விலை சொல்லக் கூடாது. பாங்க் குமாஸ்தாவின் கண் ஒரு சிவப்புப் பெட்டியின் மேலேயே இருந்தது என்று சிநேகிதி பிற்பாடு சொன்னாள். அவர் அதை வாங்கவே இல்லை. விலை எழுதியது அவர் கையாயிற்றே!

விற்று முடிக்க ஐந்து மாதம் ஆயிற்று. யாருக்குப் போயிற்று, என்ன தொகை, பார்சல் செலவு எவ்வளவு என்று எல்லாம் அந்த நோட்டில் இருக்கிறது. நானே புரட்டிப் பார்த்தேன். அவர்களுடைய பஸ் செலவு மட்டும் இல்லை. கேட்டதற்கு, "அது எங்கள் ஞாயிற்றுக்கிழமைச் செலவு அண்ணி" என்றார்களாம். அந்தப் பணத்தில் பெண்ணின் கல்லூரிச் சேர்க்கைக் கட்டணம் போக மிச்சமும் இருந்தது.

பாதியில் நின்ற ஹெரால்டையும் எடுத்துக்கொண்டு போனார்கள். பம்பரை ஒருவர் செய்தார், ஆசனங்களை ஒருவர் செய்தார். வர்ணத்தில்தான் தகராறு வந்தது. என்ன நிறம் அடிக்க நினைத்தார் என்று யாருக்கும் தெரியவில்லை. வெள்ளை என்றார் ஒருவர், நீலம் என்றார் ஒருவர். மூன்று வாரம் வேலை நின்றது.

சிநேகிதி அலமாரியை ஒழித்தபோது பழைய நெயில் பாலிஷ் புட்டி ஒன்று அகப்பட்டது. அவளுடையதுதான், காணாமல் போனதற்காக அவரோடு சண்டை போட்ட அதே புட்டி. குப்பையில் போடும் முன் மூடியைத் திருகினாள். உள்ளே இருந்தது நெயில் பாலிஷ் இல்லை. வெளிர்ப் பச்சைச் சாயம். அவர் கலந்து வைத்தது. மூடியின் மேல் பென்சிலால் 'அப்பா' என்று எழுதியிருந்தது.

அந்தப் புட்டியை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டு ஆட்டோ பிடித்துப் பல் வைத்தியர் வீட்டுக்கே போய்விட்டாள். சாயம் அடியில் இறுகிப் போயிருந்தது. அதைக் கரைத்து, போதாததற்கு நிறம் பார்த்துப் பார்த்துக் கலந்து, நாலாவது தடவைதான் ஒத்துவந்ததாம்.

ஆறு அங்குலத்துக்குக் கொஞ்சம் கூட. பச்சைக் கார் இப்போது அவர் படத்துக்குக் கீழே நிற்கிறது. நான் போனபோது மாமியார் அதைத் தூசி தட்டிக்கொண்டிருந்தார். வேறு யாரையும் தொட விடுவதில்லை.

அறுபத்து மூன்றில் ஐம்பத்தாறு விற்றன. பாக்கி ஏழு மறுபடியும் பரணில் ஏறிவிட்டன. 'விற்பனைக்கு அல்ல' என்று பெண் தன் கையால் எழுதி ஒட்டியிருக்கிறாள். ஷிப்டுக்கார மாமா மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து அவளுக்கு உப்புத்தாள் தேய்க்கக் கற்றுக்கொடுக்கிறார். நான் விடைபெறும்போது அவள் கூடத்தில் குப்புறப் படுத்துக் கொண்டிருந்தாள்.

"நில்லு அத்தை! செருப்பைப் போட்டுக்கொள்ளாதே, ஒரு வைப்பர் விழுந்துவிட்டது!" என்றாள்.