கேஸ் அடிக்கும் முன் பிரஷரைப் பாருங்கள்

கார் ஏசி குளிரவில்லை என்றால், வண்டிக்காரரும் மெக்கானிக்கும் ஒரே குரலில் சொல்வது, "கேஸ் தீர்ந்துபோச்சு, அடிச்சா சரியாயிடும்." பெட்ரோல் போல ஓட ஓடத் தீர்ந்துபோகிற பொருள் அல்ல அது. மூடிய குழாய்களுக்குள்ளேயே சுற்றி வரும் வாயு. அது குறைந்திருந்தால் எங்கோ கசிகிறது. குறையவில்லை என்றால் கோளாறு வேறு இடத்தில் இருக்கிறது. எது என்று பார்க்காமலே சிலிண்டரைத் திறக்கும் வழக்கம் வண்டிக்கும் கேடு, காற்றுக்கும் கேடு. அதை நிறுத்தியாக வேண்டும்.

இந்தக் குழப்பத்தில் அதிகம் அடிபடுவது பிரஷர் சுவிட்ச். பானெட்டைத் திறந்தால், கண்டென்சரிலிருந்து வரும் அலுமினியக் குழாயிலோ டிரையரின் மேலோ கட்டைவிரல் அளவில் திருகி வைத்திருப்பார்கள். அழுத்தம் சுமார் 2 பாருக்குக் கீழே இறங்கினால் கம்ப்ரெசர் ஓடாதபடி மின்சாரத்தைத் துண்டிக்கும். 30 பாரை ஒட்டி ஏறினாலும் துண்டிக்கும். கீழ் எல்லைக்குக் காரணம் உண்டு: கம்ப்ரெசருக்கு வேண்டிய எண்ணெய் கேஸோடு கலந்துதான் சுற்றுகிறது. கேஸ் போனால் எண்ணெயும் வந்து சேராது. அந்த நிலையில் சுவிட்சின் இரண்டு ஒயரையும் ஒன்றாக முறுக்கி 'டைரக்ட்' கொடுத்து அனுப்பினால், கம்ப்ரெசர் உலர்ந்தபடி ஓடி இறுகிப்போகும். சுவிட்சின் விலையையும் கம்ப்ரெசரின் விலையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் அந்த முறுக்கு எவ்வளவு நஷ்டம் என்பது விளங்கும்.

சோதிப்பதோ எளிது. இன்ஜின் நின்று ஆறிய வண்டியில், 35 டிகிரி வெயில் நாளில், ஆர்134ஏ கேஸ் நிரம்பிய ஏசியில் கேஜ் ஏறக்குறைய 110 பிஎஸ்ஐ காட்டும். கேஸ் சரியான அளவில் இருக்கிறதா என்பதை இது சொல்லாது. ஆனால் லோ பிரஷரால் சுவிட்ச் துண்டிக்கவில்லை என்பதற்கு இது போதும். இரண்டு ஒயர் சுவிட்ச் என்றால் அடுத்து கனெக்டரைக் கழற்றி மல்டிமீட்டர் வைக்க வேண்டும். அழுத்தம் இருந்தும் இணைப்பு காட்டாவிட்டால் சுவிட்ச் கெட்டுவிட்டது. இணைப்பு காட்டினால் பியூஸ், ரிலே, கிளட்ச் காயில் பக்கம் போகலாம். புதிய வண்டிகளில் இருக்கும் மூன்று ஒயர் சென்சாருக்கு இந்த முறை உதவாது. அங்கே ஸ்கேனர் காட்டும் அழுத்தத்தையும் கேஜ் காட்டுவதையும் ஒப்பிட வேண்டும். மாற்றும்போது ஒரு எச்சரிக்கை. பல வண்டிகளில் சுவிட்சுக்கு அடியில் வால்வு இருப்பதால் கேஸ் வெளியேறாமல் கழற்றலாம். எல்லா வண்டியிலும் அப்படி இல்லை. அதை உறுதி செய்யாமல் திருகினால் கேஸ் பீறிட்டுக் கையையும் கண்ணையும் உறையவைக்கும். புது ஓ-ரிங்கில் ஏசி எண்ணெய் தடவிப் பூட்டி, சோப்பு நுரை வைத்துப் பார்த்தால்தான் வேலை முடிந்தது.

"லீக் தேட அரை நாள் ஆகும், அதற்கு யார் கூலி தருவார்?" என்று மெக்கானிக்குகள் கேட்பதில் நியாயம் இருக்கிறது. கேஸுக்குக் காசு கொடுக்கிற நாம், கோளாறைக் கண்டுபிடிக்கும் மூளைக்குக் கொடுக்கத் தயங்குகிறோம். தப்பில் நமக்கும் பாதி. பழைய வண்டியில் ரப்பர் ஹோஸ் வழியாகச் சிறிது கசிவது இயல்பு என்பதும் உண்மைதான். ஆனால் அது ஆண்டுக்கணக்கில் நடப்பது. ஒரே கோடையில் இரண்டு முறை கேஸ் அடிக்கிற வண்டியில் ஓட்டை இருக்கிறது. பல நேரம் அது கண்ணுக்கே தெரியும்: கேஸோடு வெளியேறிய எண்ணெயில் தூசி ஒட்டி, குழாய் மூட்டில் கறுப்பாகப் படிந்திருக்கும்.

அந்த ஓட்டை வழியாகப் போவது சாதாரணக் காற்று அல்ல. புவி வெப்பத்தைக் கூட்டுவதில் ஒரு கிலோ ஆர்134ஏ, 1,430 கிலோ கரியமில வாயுவுக்குச் சமம் என்பது பரவலாக ஏற்ற கணக்கு. ஒரு காரில் இருக்கும் அரைக் கிலோ கசிந்தால், சுமார் 300 லிட்டர் பெட்ரோல் எரித்ததற்கு ஈடு. இத்தகைய வாயுக்களைக் குறைக்கும் கிகாலி திருத்தத்தை இந்தியா 2021-இல் ஏற்றது. 2032-இலிருந்து படிப்படியாகக் குறைத்தாக வேண்டும். இன்னொரு பக்கம், 2025 அக்டோபர் 1 முதல் தயாராகும் நடுத்தர, கனரக லாரிகளின் கேபினில் ஏசி கட்டாயம் ஆகியிருக்கிறது. வெயிலில் வேகும் ஓட்டுநருக்கு எப்போதோ கிடைத்திருக்க வேண்டிய வசதி அது. அந்த லாரிகள் நாளை நாமக்கல் பட்டறைகளுக்கும் வரும். அங்கேயும் 'கேஸ் அடி, அனுப்பு' என்பதே வேலைமுறை ஆகிவிடக் கூடாது.

அடுத்த முறை ஏசி குளிராவிட்டால், "கேஸ் அடிங்க" என்று சொல்லாதீர்கள். "கேஜ் போட்டுப் பிரஷர் எவ்வளவுன்னு சொல்லுங்க, கசிவு எங்கேன்னு காட்டுங்க" என்று கேளுங்கள். அந்த அளவை பில்லில் எழுதி வாங்குங்கள். பார்த்துச் சொன்னதற்கான கூலியை முகம் சுளிக்காமல் கொடுங்கள்.