ஒன்பதாம் கட்டளையும் தாமிர ஆலையும்

தியானப் பகுதி: யாத்திராகமம் 20:16, எபேசியர் 4:25-32





ஒவ்வோர் ஆண்டும் மே 22 நெருங்கும்போது நமது தூத்துக்குடியின் சபைகளில் இரண்டு வேண்டுகோள்கள் எழுவதுண்டு. அன்று மரித்தவர்களை ஆராதனையில் நினைவுகூர வேண்டும் என்பது ஒன்று. ஸ்டெர்லைட்டைப்பற்றி ஆலயத்துக்குள் ஒரு வார்த்தையும் வேண்டாம், அந்த ஆலையால் பிழைத்த குடும்பங்களும் இதே பெஞ்சுகளில் அமர்ந்திருக்கிறார்கள், சபையின் அன்பைக் கெடுக்கவேண்டாம் என்பது மற்றொன்று. இந்த இரண்டாவது வேண்டுகோள் மென்மையான குரலில் வருகிறது. ஆகவே அதுவே கிறிஸ்தவ மனப்பான்மை என்று அநேகர் எண்ணுகிறார்கள். அதற்கு அன்பு என்று பெயரிடக்கூடாது என்பதை இந்த வாரம் வெளிப்படையாகவே எழுதுகிறேன். முதலாவது வேண்டுகோளை விடுப்பவர்களுக்கும் சொல்லவேண்டியது உண்டு; அவர்களும் பொறுமையோடு வாசிக்க வேண்டுகிறேன்.

அப்போது சிறுவராயிருந்தவர்களுக்காக நடந்ததைச் சுருக்கிச் சொல்கிறேன். மகாராஷ்டிரத்தின் இரத்தினகிரியில் மக்கள் எதிர்ப்பினால் அமைய முடியாமற்போன தாமிர உருக்காலை, 1990-களின் நடுவில் நமது ஊருக்கு வந்தது. மாசு குறித்த புகார்களும் வழக்குகளும் ஏறக்குறைய அது தொடங்கிய காலம் முதலே உடன் வந்தன. 2018 பிப்ரவரியில் ஆலையின் விரிவாக்கத்தை எதிர்த்து அ. குமரெட்டியாபுரம் கிராமத்தார் போராட்டம் தொடங்கினார்கள். நூறாவது நாளாகிய மே 22 அன்று, பனிமய மாதா ஆலயப் பகுதியிலிருந்தும் பிற இடங்களிலிருந்தும் ஆயிரக்கணக்கானோர் ஆட்சியர் அலுவலகத்தை நோக்கி நடந்தார்கள். அன்றும் மறுநாளும் போலீசார் சுட்டார்கள். 13 பேர் மாண்டார்கள். அவர்களில் பெண்களும் இருந்தார்கள். மே 28 அன்று ஆலையை மூடும்படி தமிழ்நாடு அரசு ஆணையிட்டது.

அந்த ஆண்டில் பெந்தெகொஸ்தே ஞாயிறு மே 20 அன்று வந்தது. ஆவியானவர் அக்கினிமயமான நாவுகளாக இறங்கியதைப் பாடி மகிழ்ந்த ஜனங்களின் நாவுகளிலும் கைபேசிகளிலும் இரண்டே நாட்களில் வேறோர் அக்கினி பற்றிக்கொண்டது. யாக்கோபு தமது நிருபத்தின் மூன்றாம் அதிகாரத்தில் எச்சரிக்கிற அக்கினி அதுவே. "பணம் வாங்கிக்கொண்டு போனவர்கள்", "சமூக விரோதிகள்", "வெளிநாட்டுக் கைக்கூலிகள்" என்ற சொற்கள், மரித்தோர் அடக்கம்பண்ணப்படுமுன்னே அவர்கள்மேல் போடப்பட்டன. அவற்றைப் பரப்பினவர்களில் ஞாயிறுதோறும் நம்மோடு விசுவாசப் பிரமாணம் சொல்லுகிறவர்களும் இருந்தார்கள்.

இங்கேதான் ஒன்பதாம் கட்டளை நம்மை நிறுத்துகிறது. அந்தக் கட்டளையிலுள்ள "பொய்ச்சாட்சி" என்பது வழக்குமன்றத்தின் சொல். இஸ்ரவேலில் ஊர்வாசலில் மூப்பர் கூடி நியாயம் விசாரித்தார்கள். ஒருவனுடைய வயலும் மானமும் உயிரும் அங்கே நிற்கிற சாட்சியின் வாயில் இருந்தது. பொய்ச்சாட்சி சொன்னவன், தன் சகோதரனுக்குச் செய்ய நினைத்த தீங்கைத் தானே அடையவேண்டும் என்று உபாகமம் 19-ஆம் அதிகாரம் கட்டளையிடுகிறது. இன்றைக்கு ஊர்வாசல் நமது கைபேசியில் இருக்கிறது. ஒரு செய்தியை நீங்கள் அடுத்தவருக்கு அனுப்பும்போது, அதன்கீழ் உங்கள் சாட்சிக் கையெழுத்தை இடுகிறீர்கள். "எனக்கு வந்ததை அனுப்பினேன்" என்பது மனிதருக்கு முன் சாக்காகலாம். கட்டளையைக் கொடுத்தவருக்கு முன் ஆகாது.

"வெளிநாட்டுப் பணம்" என்ற பட்டம் 2018-இல் பிறந்ததுமல்ல. கூடங்குளம் அணு உலையை எதிர்த்து இடிந்தகரை லூர்து மாதா ஆலய வளாகத்தில் கூடியிருந்த மீனவ மக்கள்மேலும் அதுவே சூட்டப்பட்டது. 2012 பிப்ரவரியில் அன்றைய பிரதமர் மன்மோகன் சிங், அமெரிக்காவிலும் ஸ்காண்டிநேவிய நாடுகளிலும் இருந்து உதவி பெறும் தொண்டு நிறுவனங்களே அந்த எதிர்ப்புக்குப் பின்னால் இருப்பதாக ஓர் அமெரிக்க அறிவியல் இதழிடம் பேசினார். அதே ஆண்டு செப்டம்பர் 10 அன்று, அந்தப் போராட்டத்தையொட்டி, நமது மாவட்டத்து மணப்பாட்டில் ஒரு மீனவர் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் இறந்தார். அன்று டெல்லியில் ஆண்டது ஒரு கட்சி. 2018-இல் ஆண்டது வேறொரு கட்சி. ஆள்வோர் மாறினார்கள், பட்டம் மாறவில்லை. ஆகவே இதைக் கட்சிக்காரர் ஒருவருக்கொருவர் செய்துகொள்ளும் குற்றச்சாட்டாக ஒதுக்கிவிடாதீர்கள். ஏழை தன் பயத்தைத் தானாகவே சொல்லமாட்டான், யாரோ கூலி கொடுத்துத்தான் சொல்லவைத்திருக்கவேண்டும் என்ற இகழ்ச்சி அந்தப் பட்டத்துக்குள் இருக்கிறது. தேவசாயலில் படைக்கப்பட்ட மனிதனைக்குறித்து அப்படி எண்ணுவது பாவம்.

நீதிபதி அருணா ஜெகதீசன் ஆணையத்தின் அறிக்கை 2022 அக்டோபரில் சட்டமன்றத்தில் வைக்கப்பட்டது. போலீசார் வரம்பு மீறினார்கள் என்றும், தப்பி ஓடிக்கொண்டிருந்தவர்கள் சுடப்பட்டார்கள் என்றும் அது கண்டது. மரித்தவர்களுக்குப் பட்டம் சூட்டி அனுப்பிய செய்திகளை அதன்பின் எத்தனை பேர் திரும்பப் பெற்றார்கள்? பொய்யைச் சொன்ன அதே குழுவில், அதே ஆட்களுக்கு முன்பாக, "நான் அனுப்பியது உண்மையல்ல" என்று எழுதுவதே மனந்திரும்புதல். இது இன்றும் செய்யக்கூடியது.

இனி, ஆலையை எதிர்த்த சகோதர சகோதரிகளிடம் பேசுகிறேன். உங்கள் துக்கம் நியாயமானது. ஆனால் ஒன்பதாம் கட்டளை துக்கப்படுகிறவனுக்கு விலக்கு அளிப்பதில்லை. ஆலையில் ஒப்பந்தக் கூலியாக இருந்தவரை, அதற்கு லாரி ஓட்டியவரை, துறைமுகத்தில் அதன் சரக்கை ஏற்றி இறக்கியவரை "அடிவருடி" என்றும் "இரத்தப் பணம் தின்றவன்" என்றும் அழைத்தவர்கள் நம்மிடையே உண்டு. அந்த மனிதர் விரிவாக்கத்துக்கு அனுமதி கொடுக்கவில்லை, துப்பாக்கியைத் தூக்கவுமில்லை. மாதச் சம்பளத்தில் பிள்ளைகளின் பள்ளிக் கட்டணம் செலுத்திக்கொண்டிருந்தார். வாயிற்கதவில் முத்திரையிடப்பட்டபோது அவருடைய வீட்டு அடுப்பும் அணைந்தது. யோவான்ஸ்நானனிடம் ஆயக்காரரும் போர்ச்சேவகரும் வந்து கேட்டபோது, அவர் அவர்களை அவர்களுடைய எஜமானின் பெயரால் சபிக்கவில்லை. அவர்கள் கையில் இருந்த வேலையில் எது அநியாயம் என்று காட்டி, அதை விடச் சொன்னார் (லூக்கா 3:12-14). அந்த அளவை மீற நமக்கு அதிகாரமில்லை.

உண்மையை ஊதிப் பெருக்குவதும் பொய்ச்சாட்சியே. தெருவில் வரும் ஒவ்வொரு நோயையும் ஆலையின் கணக்கில் எழுதத் தேவையில்லை. சுற்றுப்புறத்தை மாசுபடுத்தியதற்காகவும், ஒப்புதலைப் புதுப்பிக்காமல் இயங்கியதற்காகவும் 2013 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் அந்த நிறுவனத்துக்கு 100 கோடி ரூபாய் இழப்பீடு விதித்தது. இது பதிவேட்டிலுள்ள உண்மை. இப்படிப்பட்ட உண்மைகள் கையில் இருக்க, மிகைப்படுத்தலைத் துணைக்கு அழைப்பானேன்? மிகை ஒன்று பிடிபட்டால், மெய்யான ஒன்பதும் அதோடு தள்ளப்படும்.

அடுத்து, மௌனத்தையே அன்பு என்பவர்களுக்கு. "சபைக்குள் அரசியல் வேண்டாம்" என்ற சொல்லை நான் மதிக்க ஆயத்தமாயிருக்கிறேன், அதைச் சொல்லுகிறவர்கள் அதை எப்போதும் கடைப்பிடிப்பார்களானால். திருமண்டலத் தேர்தல் வந்தால் அணி பிரிப்பதும், வீடுவீடாய் வாக்குக் கேட்பதும், வழக்குமன்றப் படியேறுவதும் நமக்குத் தெரியாதவையல்ல. அப்போது கெடாத அன்பு, 13 பேருக்காக ஜெபித்தால்மட்டும் கெட்டுவிடுமா?

மௌனம் இருபுறத்தையும் காக்கிறது என்று நினைக்கிறோம். மெய்யாகவே அது யாரைக் காத்தது? பிள்ளையைப் பறிகொடுத்த தாய் ஆலயத்துக்கு வருகிறார். அவருடைய துக்கம் அங்கே பெயர் சொல்லப்படாத துக்கமாக இருக்கிறது. வேலையிழந்த தகப்பனும் வருகிறார். அவருக்காகவும் ஒருவரும் வாய்திறந்து ஜெபிக்கவில்லை. எரிகோ சாலையில் விலகிப்போன ஆசாரியனும் லேவியனும் அடிபட்டவனுக்கு விரோதமாக ஒரு சொல்லும் சொல்லவில்லை. ஆயினும் ஆண்டவர் அவர்களை அயலான் என்று அழைக்கவில்லை. காயம் ஆறாதிருக்கையில் சமாதானம் கூறினவர்களை எரேமியாவும் கடிந்துகொண்டார் (6:14).

இதனால் பிரசங்க பீடத்தைக் கட்சிக்கு வாடகைக்கு விடவேண்டும் என்று சொல்லுகிறேனா? ஒருபோதும் இல்லை. யாருக்கு வாக்களிப்பது என்பது உங்கள் மனச்சாட்சியின் காரியம். அதைப் பீடத்திலிருந்து கட்டளையிட எந்தப் போதகருக்கும் உரிமையில்லை. ஆனால் மரித்தவனைக்குறித்துப் பொய் பேசாதே என்பதும், பசித்தவனை இகழாதே என்பதும் கட்சிக் கொள்கைகள் அல்ல. அவை சீனாய் மலையிலிருந்து வந்தவை.

ஒருவரோடு மாறுபடும்போது எப்படிப் பேசுவது என்பதற்கு இந்த வழக்கிலேயே நமக்கு ஓர் எடுத்துக்காட்டு இருக்கிறது. 2010-இல் சென்னை உயர் நீதிமன்றம் ஆலையை மூடச் சொன்னது. 2013-இல் உச்ச நீதிமன்றம் அதை மாற்றியது. 2018 டிசம்பரில் தேசிய பசுமைத் தீர்ப்பாயம் திறக்க வழிவிட்டது. 2019 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் அந்த ஆணையை நீக்கியது. 2020 ஆகஸ்டில் உயர் நீதிமன்றம் மூடலை உறுதிசெய்தது. 2024 பிப்ரவரி 29 அன்று உச்ச நீதிமன்றம் நிறுவனத்தின் மேல்முறையீட்டைத் தள்ளுபடி செய்தது. இத்தனை ஆண்டுகள், இத்தனை ஆவணங்கள், கற்றறிந்த நீதிபதிகளுக்கே தேவைப்பட்டன. நாமோ தேநீர் ஆறுமுன் தீர்ப்பு எழுதிவிடுகிறோம்.

அந்தக் கடைசி ஆணையில் கவனிக்கத்தக்க ஒன்று உண்டு. ஆலை நாட்டின் உற்பத்திக்கு உதவியது, இந்தப் பகுதியில் வேலையும் வருவாயும் தந்தது என்பதை நீதிமன்றம் வாய்திறந்து ஒப்புக்கொண்டது. ஒப்புக்கொண்டபின்பு, மக்களின் ஆரோக்கியமும் நலனும் மிக முக்கியம் என்று கூறி, ஆலைக்கு எதிராகவே தீர்ப்பளித்தது. தோற்றவனுடைய வாதத்திலுள்ள நன்மையை அவனே சொல்லக்கூடியபடி சொல்லிவிட்டு, அதன்பின் "இல்லை" என்பது கோழைத்தனமன்று. அதில் உறுதியும் குறையவில்லை. உலகத்தின் நீதிமன்றம் இதைச் செய்யும்போது, கிறிஸ்துவின் சபை இதற்குக் குறைவாகச் செய்யலாமா?

2021 ஏப்ரலில் கொரோனாவின் இரண்டாம் அலையில் மூச்சுக்காற்றுக்காக ஜனங்கள் தவித்தபோது இது நமக்குச் சோதனையாக வந்தது. ஆக்சிஜன் தயாரிப்பதற்காக மட்டும், கண்காணிப்போடு, குறித்த காலத்துக்கு ஆலையின் ஒரு பகுதியைத் திறக்க அனைத்துக் கட்சிக் கூட்டம் இசைந்தது. உச்ச நீதிமன்றமும் அனுமதித்தது. அந்நாளில் தயங்கினவரை "இரக்கமற்றவர்" என்பது எளிது. இசைந்தவரை "விலைபோனவர்" என்பதும் எளிது. ஒருவருடைய கண்முன் மருத்துவமனையில் திணறும் நோயாளி இருந்தான். மற்றவருடைய கண்முன் 2018-இன் கல்லறை இருந்தது. இரண்டையும் பார்க்கும் கண் வேண்டும் என்று கேட்பதே ஜெபம்.

நம்முடைய கரையின் மூத்தோர் முத்துக்குளிப்பைப்பற்றிச் சொல்லும் ஒரு வழக்கம் உண்டு. 1961-இல் நடந்ததே இங்குக் கடைசியான பெரிய முத்துக்குளிப்பு. ஆயினும் சொல் இன்னும் வழங்குகிறது. கல்லைக் கட்டிக்கொண்டு ஆழத்தில் இறங்குகிறவன், மேலே படகில் கயிறு பிடிக்கத் தன் மைத்துனனையே நிறுத்துவானாம். கரையில் இருவருக்கும் ஆயிரம் மனத்தாங்கல் இருக்கலாம். ஆனாலும் கயிற்றை விட்டால் அறுவது தன் சகோதரியின் தாலி என்பது மைத்துனனுக்குத் தெரியும், ஆகையால் விடமாட்டான். ஓர் அவயவம் பாடுபட்டால் எல்லா அவயவங்களும் கூடப் பாடுபடும் என்று பவுல் கொரிந்தியருக்கு எழுதியது இதுவே. திருவிருந்தில் உங்கள் அருகே முழங்காற்படியிடுகிறவர் உங்களோடு ஒத்த கருத்துள்ளவராய் இருக்கவேண்டியதில்லை. அவருடைய கயிறு உங்கள் கையில் இருக்கிறது.

ஆகவே சபையாருக்கு என் வேண்டுகோள் இது. வருகிற மே 22-ஐ ஒட்டிய ஞாயிறு ஆராதனையில் அந்த 13 பேரின் பெயர்களும் வாசிக்கப்படட்டும். அதே ஜெபத்தில், மூச்சு விடாமல் தொடர்ந்து, வேலையிழந்த குடும்பங்களும் சொல்லப்படட்டும். அன்று சுட்டவர்களுக்கும் சுடச் சொன்னவர்களுக்கும் உண்மையை ஒப்புக்கொள்ளும் இருதயம் அருளப்பட ஜெபிப்போம். ஆராதனைக்கு வருமுன், யாருக்குப் பட்டம் சூட்டினீர்களோ அவர் வீட்டுக்குப் போங்கள். மத்தேயு 5:23-24 காணிக்கையைவிட அதையே முந்தி வைக்கிறது. அவர் சொல்வதை முழுவதும் கேட்டு, அவருடைய நியாயத்தை நீங்களே திரும்பச் சொல்லுங்கள். "ஆம், நான் சொன்னது இதுதான்" என்று அவர் சொல்லும்வரை மறுமொழி கூறாதிருங்கள். அதன்பின்பும் மாறுபாடு இருக்குமானால், இருக்கட்டும். அன்பிலே உண்மையைப் பேசும்படியே நாம் அழைக்கப்பட்டிருக்கிறோம்.

ஜெபிப்போம்: சத்தியமுள்ள தேவனே, பொய்ச்சாட்சிகளால் குற்றவாளியாக்கப்பட்ட உம்முடைய குமாரனின் நாமத்தில் வருகிறோம். எங்கள் நாவைப் பொய்க்கும், எங்கள் மௌனத்தைக் கோழைத்தனத்துக்கும் விலக்கிக் காத்தருளும். இந்தக் கரையில் அழுகிற ஒருவரையும் நாங்கள் கைவிடாதபடி செய்யும். ஆமென்.