புயல் கரையோடு முடிவதில்லை

புயல் என்றாலே நமக்குக் கடற்கரைதான் ஞாபகம் வரும். துறைமுகத்தில் கூண்டு ஏற்றுவார்கள், மீனவர்கள் கடலுக்குப் போக வேண்டாம் என்பார்கள், பள்ளிகளுக்கு விடுமுறை. மலைக்கும் புயலுக்கும் என்ன சம்பந்தம் என்று நினைப்பவர்கள் 2014-ல் நடந்ததைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

அந்த வருடம் அக்டோபர் 12-ம் தேதி ஹுட்ஹுட் புயல் விசாகப்பட்டினம் அருகே கரையைக் கடந்தது. நம்மைப் பொறுத்தவரை கதை அத்தோடு முடிந்தது. ஆனால் வலுவிழந்த அந்தப் புயல் ஈரத்தைச் சுமந்துகொண்டு வடக்கே போய், இரண்டே நாளில் நேபாளத்தின் அன்னபூர்ணா பகுதியில் பனியாகக் கொட்டியது. அங்கே தோராங் லா என்று ஒரு கணவாய், உயரம் 5,416 மீட்டர். வழக்கமாக வானம் தெளிவாக இருக்கும் மாதம் என்பதால் நடைபயணிகள் நிறையப் பேர் இருந்தார்கள். பனிப்புயலிலும் பனிச்சரிவிலும் சிக்கி 40 பேருக்கு மேல் இறந்துபோனார்கள். வெளிநாட்டுக்காரர்கள் மட்டுமல்ல, கூடப் போன நேபாள வழிகாட்டிகளும் சுமை தூக்குபவர்களும்தான்.

இப்போது எல்லோர் கையிலும் செல்போன் இருக்கிறது, வானிலை அறிக்கை பார்க்கலாம். ஆனாலும் 2024 ஜூன் மாதம் உத்தராகண்டின் சஹஸ்திர தால் பாதையில், கர்நாடகாவிலிருந்து போன குழுவில் 9 பேர் பனிப்புயலில் இறந்தார்கள். அது நல்ல கோடைக்காலம்!

பனியில் முதல் எதிரி குளிர். காட்டன் சட்டையும் ஜீன்ஸும் நனைந்தால் சீக்கிரம் காயாது, உடம்புச் சூட்டை இழுத்துவிடும். நடுக்கம், பேச்சுக் குழறல், தடுமாற்றம் எல்லாம் ஆபத்தின் அறிகுறிகள். பாதிக்கப்பட்டவருக்கே அது தெரியாது, பக்கத்தில் நடப்பவர்தான் கவனிக்க வேண்டும். புதிதாகப் பனி விழுந்த செங்குத்துச் சரிவுகளை அடுத்த ஓரிரு நாளாவது தவிர்க்க வேண்டும். எதிரே இருப்பதே தெரியாத அளவுக்குப் பனி கொட்டும்போது, தங்க இடம் இருந்தால் அங்கேயே இருப்பதுதான் நல்லது.

இதெல்லாம் பலருக்கும் தெரிந்ததுதான். பிரச்சினை வேறு இடத்தில் இருக்கிறது என்பது என் கருத்து. "இவ்வளவு காசு கட்டி, லீவு போட்டு வந்தாச்சு, இன்னும் கொஞ்ச தூரம்தானே" என்ற எண்ணம்தான் ஆளைக் கொல்கிறது. திரும்பிவிடலாம் என்று சொல்ல வழிகாட்டியே தயங்குவார். காசு கொடுத்தவர்கள் சண்டைக்கு வருவார்களே!

அதனால் எத்தனை மணிக்குள் கணவாயைத் தொடாவிட்டால் திரும்புவது என்பதை முந்தின நாள் இரவே குழுவாகப் பேசி முடிவு செய்துவிட வேண்டும். வழிகாட்டி வேண்டாம் என்றால் வேண்டாம்தான். அதற்காக அவர் சம்பளத்தில் ஒரு ரூபாய்கூடக் குறைக்கக் கூடாது. பாதியில் திரும்பி வந்தவர்களை "பயந்தாங்கொள்ளி" என்று கேலி செய்வதை ஊரில் இருக்கும் நாமும் நிறுத்த வேண்டும்.

ஆழம் தெரியாமல் காலை விடாதே என்று ஆற்றுக்குச் சொல்லி வைத்தார்கள். மலைக்குப் போகிறவர்களும் அதை மறக்காமல் இருந்தால் சரி.