போத்தல் போத்தலாகவே இருக்கட்டும்

எங்கட ஆக்களிட்ட ஒரு பழைய மூக்குப்பேணியை வரைஞ்சு காட்டிப் பாருங்கோ. "இழந்த ஊரைச் சொல்லுதா?" என்ற கேள்வி உடனே வரும். வெறுங்கதிரை எண்டால் காணாமற்போனவர். பூட்டு எண்டால் விட்டுவந்த வீடு. இந்த வாசிப்புகளைப் பொய் எண்டு சொல்லமாட்டன், பின்னால் உண்மையான வலி இருக்கு. ஆனால் எல்லாப் பொருளையும் சாட்சிக்கூண்டில் ஏற்றிவிட்டால், பேணியின் விளிம்பில் விழுகிற வெளிச்சத்தை ஆர் பார்க்கிறது?

இதை யோசிக்கும்போதெல்லாம் இத்தாலிய ஓவியர் ஜோர்ஜோ மொராண்டிதான் (1890–1964) ஞாபகத்துக்கு வருவார். பொலோஞா நகரில் சகோதரிகளோடு வாழ்ந்த மனுசன். பெரும்பாலும் வரைந்தது போத்தல்களும் சாடிகளும் தகரப்பேணிகளும்தான். அதே சாமான்களைத் திரும்பத் திரும்ப இடம் மாற்றி வைத்து வரைந்தார். மினுக்கம் இருக்கக்கூடாது எண்டு சில போத்தல்களுக்குப் பெயின்ற்கூடப் பூசி வைத்தார். இரண்டு உலகப் போர்களையும் கண்டவர். ஆனாலும் போரைப் பற்றிப் பேசச் சொல்லி அந்தப் போத்தல்களை அவர் கேட்கவில்லை.

அவருடைய கடைசிக்கால நீர்வர்ண ஓவியங்கள்தான் எனக்கு அதிகம் பிடிக்கும். சிலவற்றில் போத்தலையே அவர் தீட்டவில்லை. பக்கத்து நிழலை மட்டும் மங்கலாகக் கரைத்து விட்டிருக்கிறார். போத்தல் இருக்கிற இடம் வெறும் தாள். அப்பிடியிருந்தும் அது கண்ணுக்கு முன்னால் நிற்கும். நீர்வர்ணத்தின் குணமே அதுதானே. வெள்ளை வேணுமெண்டால் தாளைத் தொடாமல் விட வேணும். எண்ணெய் வர்ணம் மாதிரி, பிழைத்ததை இன்னொரு பூச்சால் மூடிவிட ஏலாது. காய்ந்தால் நிறமும் கொஞ்சம் வெளிறும். அதனால் தூரிகையை வைக்க முதல் பொருளைக் கனநேரம் பார்க்க வேண்டியிருக்கு.

'இதெல்லாம் கவலை இல்லாதவர்களின் கலை' எண்டு சொல்லுவினம். நான் ஒத்துக்கொள்ள மாட்டன். துயரத்தைச் சொல்லுறதுக்கு மட்டுந்தான் எங்களுக்குச் சித்திரம் எண்டு ஆர் தீர்மானிச்சது? போரைக் காணாத பதினாறு வயசுப் பிள்ளைகூட, பரிசு வேணுமெண்டால் முள்ளுக்கம்பி வரைய வேணும் எண்டு நினைக்குது. அந்தப் பிள்ளையின் குசினியில் சுளகு இருக்கு, திருவலை இருக்கு, யன்னல் கட்டில் பாதி குடிச்ச பிளேன்ரீ இருக்கு. காலை வெயில் அந்தக் கிளாசுக்குள்ளால போய்ச் சுவரில் செம்மண்ணிறமாக விழுகிறதை அது வரையட்டும்.

அதைக் கண்காட்சியில் மாட்டினால் கீழே நீண்ட விளக்கம் ஒண்டும் வேண்டாம். பிளேன்ரீ, நீர்வர்ணம், ஆண்டு. காணும்.