புள்ளியும் பண்பும்

க. பொ. த. சாதாரண தரப் பரீட்சையில் சைவநெறிப் பாடத்துக்கு உயர்ந்த புள்ளி பெற்ற மாணவன் அந்நெறியில் நிற்பவன்தானா? விடைத்தாள் அவனது நினைவாற்றலைக் காட்டும்; நெஞ்சைக் காட்டுமா?

அமெரிக்க அறிஞர்களாகிய ஹார்ட்ஷோர்ன், மே என்னும் இருவர் 10,000க்கு மேற்பட்ட சிறுவரைச் சோதித்து, 1928 முதல் 1930 வரை தம் முடிவுகளை நூல்களாக வெளியிட்டனர். அறத்தை அறிந்திருத்தலுக்கும் அதன்படி ஒழுகுதலுக்கும் உள்ள தொடர்பு மெலிந்தது என்று அவர்கள் கண்டனர். ஓரிடத்தில் நேர்மை காத்த பிள்ளை மற்றோரிடத்தில் வஞ்சித்தது.

சுவிற்சர்லாந்து அறிஞர் பியாஜே வேறு வழி சென்றார். 1932இல் வெளிவந்த தம் நூலுக்காக, கோலி விளையாடும் சிறுவரிடம் ஆட்ட விதிகள் எங்கிருந்து வந்தன, அவற்றை மாற்றலாமா என்று வினவி, அவர்தம் விடைகளை ஆராய்ந்தார். காணல், வினவல், செவிமடுத்தல் என்னும் இவையே இன்று பண்புசார் ஆய்வு எனப்படும் முறைக்கு உயிர்நிலை.

நம் பதுளை மாவட்டத்துக்கு இது எங்ஙனம் பொருந்தும்? பசறை, லுணுகலைத் தோட்டப் பிள்ளைகளிடம், "பொய் கூறலாமா?" என்று கேட்பின் யாவரும் "கூடாது" என்பர். அதனால் நாம் அறிவது ஒன்றுமில்லை. மாறாக இவ்வாறு கேட்போம்: "கொழுந்து நிறுக்குமிடத்தில் ஒரு பெண்ணின் கணக்கில் இரண்டு கிலோ குறைத்து எழுதப்படுகிறது. எழுதுகிறவர் உன் சொந்த மாமா. நீ என்ன செய்வாய்? ஏன்?"

"மாமாவின் வேலை போய்விடுமே" என்பாள் ஒருத்தி. "அந்த அக்காவுக்கு அரைப்பேர் போட்டுவிடுவார்களே" என்பாள் மற்றொருத்தி. அந்த "ஏன்" என்பதற்கு வரும் விடையிலேதான், நாம் கற்பித்தது வேரூன்றியதா என்பது புலப்படும். ஒருநாள் விடை மட்டும் போதாது. தவணை கழிந்தபின் மீண்டும் கேட்டு, விளையாட்டிடத்தில் அவள் நடக்கும் விதத்தோடும், ஆசிரியரும் பாட்டியாரும் கூறுவதோடும் ஒப்புநோக்கல் வேண்டும்.

ஈண்டு ஆய்வாளருக்கும் ஒரு பரீட்சை உண்டு. லயத்தில் ஒரு வீட்டுப் பேச்சு அடுத்த வீட்டுக்குக் கேட்கும். பெயரை நீக்கினும், "கணக்கப்பிள்ளையின் மருமகள்" என்று எழுதினால் தோட்டம் முழுதும் ஆளை அறிந்துவிடும். ஆதலின் பெற்றோரின் சம்மதமும் பிள்ளையின் விருப்பமும் பெறுதல், மறுத்தால் வற்புறுத்தாது விடுதல், அடையாளங்களை மறைத்தல் ஆகியன கடமையாம். நம்பிச் சொன்ன சொல்லால் அப்பிள்ளையின் குடும்பத்துக்குத் தீங்கு விளையுமாயின், அறக்கல்வியை அளக்கப் புகுந்தவரே அறத்தில் தோற்றவராவர்.

பெற்றோர்களே! "எத்தனை புள்ளி?" என்பதோடு நில்லாது, மேற்கண்ட வினாவையும் உங்கள் பிள்ளையிடம் கேளுங்கள். இடையில் தீர்ப்புக் கூறாது, முடியும்வரை செவிசாயுங்கள்.