செருப்பைத் தேடும் முன்...



மழை பிடித்துவிட்டால் பெங்களூர் காக்ஸ் டவுனின் பழைய ஓட்டு வீடுகளுக்கு அழையா விருந்தாளிகள் வந்துவிடுவார்கள். பூந்தொட்டிக்கு அடியில் ஒரு தேள், குளியலறை மூலையில் உள்ளங்கை அகலச் சிலந்தி. கண்ணில் பட்டதும் கை செருப்பைத் தேடும். குழந்தைகள் இருக்கும் வீட்டில் அதைக் குற்றம் என்று சொல்ல முடியாது. ஆனால், அவற்றைக் கண்டதும் நோட்டுப் புத்தகத்தைத் தேடிய ஒருவர் சென்னை எழும்பூரில் இருபது ஆண்டுகள் இருந்தார். பெயர் ஃபிரெடரிக் ஹென்றி கிரேவ்லி.

1885இல் இங்கிலாந்தில் பிறந்தவர். 1909இல் கல்கத்தா இந்திய அருங்காட்சியகத்தில் வேலைக்குச் சேர்ந்து, சிலந்தி, தேள், சாட்டைத்தேள் என்று எட்டுக்கால் கூட்டத்தைக் கையில் எடுத்தார். சாட்டைத்தேளுக்குக் கொடுக்கு கிடையாது. சீண்டினால் காடி நெடியடிக்கும் நீரைப் பீய்ச்சும், அவ்வளவுதான். சிலந்திகளில் இனம் பிரிப்பது கண்ணைப் பிடுங்கும் வேலை. கண்களின் வரிசை, கால் முட்கள், ரோமங்கள் எல்லாவற்றையும் லென்ஸுக்கு அடியில் பார்த்துக் குறிக்க வேண்டும். கிரேவ்லி சலிக்காமல் குறித்தார். சிலிகா ஏரியில் இருக்கும் பர்குடா என்ற சின்னத் தீவின் சிலந்திகளையும் தேள்களையும் பற்றி மட்டுமே 1921இல் ஒரு கட்டுரை எழுதினார்.

1920 முதல் 1940 வரை சென்னை அரசு அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளர். நிர்வாகம் வந்தால் ஆராய்ச்சி போய்விடும் என்பார்கள். இவர் 1924, 1931, 1935 என்று சிலந்திக் கட்டுரைகளைத் தொடர்ந்து வெளியிட்டார். தாவரவியலாளர் மயூரநாதனோடு சேர்ந்து கள்ளிமுளையான் பேரினத்துச் செடிகளை ஆராய்ந்தார். மன்னார் வளைகுடாவின் குருசடைத் தீவில் வாழும் கரையோர உயிர்களைப் பற்றி 1927இல் அருங்காட்சியகம் ஒரு தொகுப்பு வெளியிட்டதும் இவர் காலத்தில்தான்.

எனக்கு வியப்பு இன்னொன்றில். மண்ணுக்கடியிலிருந்து களிம்பேறி வந்த செப்புத் திருமேனிகளை மின்பகுப்பு முறையில் காப்பாற்ற அருங்காட்சியகத்தில் வழி செய்தவரும் இவரே. தொல்லியல் அறிஞர் டி. என். ராமச்சந்திரனோடு இணைந்து, அங்குள்ள உலோகத் திருமேனிகளுக்கு 1932இல் விரிவான அட்டவணை தந்தார். சிலந்தியின் கால் முள்ளைக்கூட விடாமல் பார்த்துப் பழகியவருக்கு, சிலையின் அணிகலனை வகை பிரிப்பது அந்நிய வேலையாகத் தோன்றியிருக்காது. நாம் அருவருத்து ஒதுக்கும் ஓர் உயிரிடம் கற்ற பொறுமை, நாம் கும்பிடும் உருவங்களுக்கும் பயன்பட்டது.

இந்தப் பொறுமை உயிரையும் காக்கும். மகாராஷ்டிரத்தின் மகாட் பகுதியில் செந்தேள் கொட்டிப் பலர் மாண்டுகொண்டிருந்த காலம். டாக்டர் ஹிம்மத்ராவ் பாவஸ்கர் நோயாளிகளின் கட்டிலருகே உட்கார்ந்து, வாந்தி, வியர்வை, சில்லிட்டுப்போகும் கைகால் என்று ஒவ்வொன்றாகக் குறித்தார். அவர் எழுதியது 1982இல் ‘லான்செட்’ இதழில் வந்தது. பிறகு, ரத்த அழுத்தத்துக்குத் தரும் பிராசோசின் என்ற மலிவான மாத்திரை தேள் விஷத்தால் திணறும் இதயத்தைக் காக்கிறது என்று காட்டினார். 2022இல் பத்மஸ்ரீ பெற்றார். நம் பெங்களூரின் இந்திய அறிவியல் கழகத்திலும் கார்த்திக் சுனகரின் ஆய்வுக்கூடத்தில் பாம்பு, தேள் விஷங்களை இன்று ஆராய்கிறார்கள்.

தேள் கொட்டினால் மந்திரிக்கப் போய் நேரத்தைக் கடத்தாதீர்கள். உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள், குழந்தைகள் என்றால் கூடுதல் அவசரம். தோட்டத்தில் தன் பாட்டுக்குப் போகும் தேளை எட்ட நின்று பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். அது முட்டையிடாது, குட்டி போடும். முதல் தோல் உரியும்வரை குட்டிகளை முதுகில் சுமக்கும். புற ஊதா விளக்கொளியில் நீலப்பச்சையாக ஒளிரும் என்றும் சொல்லுங்கள்.

உங்கள் பிள்ளை தீப்பெட்டியில் வண்டு வளர்த்தால், சிலந்தி வலையைப் படம் வரைந்தால், “படிக்கிற வேலையைப் பார்” என்று விரட்டிவிடாதீர்கள். அந்தப் படத்தையும் குறிப்பையும் எங்களுக்கு அனுப்பிவையுங்கள். பெயரோடு வெளியிடுகிறோம்.

அன்புடன்,
ஆசிரியர்