தலைகீழாக்கும் கருவிக்கு ஒரு பாயிரம்

முன்னுரை

கொடுத்த உரையைக் கடைசியிலிருந்து தொடக்கம் நோக்கித் திருப்பித் தரும் நிரல், கணினி கற்போர் தொடக்கத்திலேயே எழுதிப் பார்க்கும் எளிய பயிற்சியாகும். இன்று அத்தகைய சிறு நிரல்கள், செயற்கை நுண்ணறிவு முகவர்கள் தாமே அழைத்துப் பயன்படுத்தும் கருவிகளாக அமைக்கப்படுகின்றன. மொழி மாதிரிகள் உரையை எழுத்தெழுத்தாக அன்றித் துண்டங்களாகக் கையாள்வதால் எழுத்துகளை எண்ணுதல், திருப்புதல் போன்ற பணிகளில் பிழை செய்கின்றன. எனவே அவற்றைக் கருவியிடம் ஒப்படைப்பது பொருத்தமே. அக்கருவிக்கு எழுதப்படும் விளக்கக்குறிப்பு கணினியாளருக்கு மட்டும் உரியதன்று, தமிழாய்வாளரின் அக்கறைக்கும் உரியது என்பதே இக்கருத்துரையின் நிலைப்பாடு.

விகடகவிக்கு நேர்ந்தது

சித்திரகவி பற்றிய தரவுகளைத் தொகுத்தபோது, மாலைமாற்றுகளைச் சரிபார்க்க முகவர் ஒன்றைப் பயன்படுத்தினேன். வெள்ளோட்டமாக ‘விகடகவி’ என்னும் சொல்லைக் கொடுத்தேன். அது மாலைமாற்று அன்று என்று ஐயத்திற்கு இடமின்றி விடை வந்தது. முகவர் அழைத்த கருவி, சொல்லை ஒருங்குறிக் குறியெண்களாகப் பிரித்துத் திருப்பியிருந்தது. ஒருங்குறியில் ‘வி’ என்பது வகரமும் இகரக் குறியுமாகிய இரண்டு குறியெண்கள். திருப்பும்போது தனித்த இகரக் குறி முன்னே வந்து நிற்க, அதன்பின் வ, க, ட, கி, வ என உரு மாறிவிட்டது. கருவியின் விளக்கக்குறிப்பில் இருந்ததோ, ‘உரையைத் தலைகீழாக்கும்’ என்னும் ஒரே தொடர்.

எதைத் திருப்புவது?

‘விகடகவி’ வரிவடிவ நிலையில் 5 எழுத்துகளை உடையது. குறியெண் நிலையில் 7. உயிரும் மெய்யுமாகப் பகுத்தால் 10. எழுத்து நிலையில் திருப்பினால் அதே சொல் கிடைக்கும். உயிர், மெய் நிலையில் திருப்பினால் ‘இவகடகிவ்’ என்றாகும். தொல்காப்பியம் எழுத்தை முப்பது என்றும், சார்ந்து வருவன மூன்று என்றும் வரையறுக்கிறது. நன்னூல் உயிர்மெய்யைச் சார்பெழுத்துள் வைத்து எண்ணுகிறது. ஆகவே எழுத்து என்னும் அலகு நோக்கத்திற்கேற்ப வேறுபடும் என்பது நமக்குப் புதிதன்று.

மாலைமாற்றைப் பொறுத்தவரை மரபு இவ்வினாவுக்கு விடை கூறியுள்ளது. மூன்றாம் திருமுறையில் இடம்பெறும் திருஞானசம்பந்தரின் திருமாலைமாற்றுப் பதிகம், உயிர்மெய்யைப் பிரிக்காமல் ஓரலகாகக் கொண்டே இருபுறமும் ஒத்து நிற்கிறது. சொல்லிடைவெளியும் அங்குப் பொருட்டன்று. ‘தேரு வருதே’ என்னும் வழக்குத் தொடரை இடைவெளியோடு திருப்பினால் ‘தேருவ ருதே’ என வரும். இடைவெளியை நீக்கி ஒப்பிட்டால்தான் அது மாலைமாற்று எனத் தெரியும்.

இவற்றுக்கு அப்பால் குறியேற்றச் சிக்கல்களும் உள. ‘கொ’ என்பதன் ஒகரக் குறியை ஒரே குறியெண்ணாகவும் உள்ளிடலாம். கொம்பு, கால் என இரண்டாகவும் உள்ளிடலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. குறியெண்களை மட்டும் ஒப்பிடும் கருவிக்கு வெவ்வேறு. ‘க்ஷ’ என்பதை ஓரெழுத்தாகக் கொள்வதா, இரண்டாகக் கொள்வதா என்பதும் முன்கூட்டியே சொல்லப்பட வேண்டும்.

கருவியும் பாயிரமும்

கருவியைத் திருத்தினால் போதாதா, குறிப்பு எதற்கு என்று வினவலாம். திருத்தம் தேவையே. எனினும் எல்லாப் பணிக்கும் ஏற்ற ஒரே தலைகீழாக்கம் இல்லை. மாலைமாற்றுக்கு எழுத்து அலகு வேண்டும். விகுதிகளைத் தொகுக்க ஈற்றிலிருந்து சொற்களை அகரநிரல் செய்பவருக்கு உயிரும் மெய்யும் பிரிந்த அலகே பயன்தரும். எது தனக்குரியது என்பதை முகவர் எவ்வாறு அறியும்? பொதுவாக அது கருவியின் நிரலைப் பார்ப்பதில்லை. பெயர், விளக்கம், உள்ளீட்டு வடிவம் ஆகியவற்றைக் கொண்டே தெரிவு செய்கிறது. சிதைந்த விடையைக் கண்டால் மனிதர் ஐயுறுவர். முகவர் அதையே மெய்யெனக் கொண்டு அடுத்த படிக்குச் சென்றுவிடக்கூடும்.

நன்னூல் சிறப்புப் பாயிரத்திற்கு உரியனவாகக் கூறும் எட்டனுள் எல்லை, நுதலிய பொருள், கேட்போர், பயன் ஆகிய நான்கும் இங்கு வழிகாட்டும். நூல் வழங்கும் நிலம் எல்லை. கருவிக்கு அது எவ்வெழுத்துமுறைகளில் சரியாக இயங்கும் என்பது. நுதலிய பொருள், திருப்பப்படும் அலகு. கேட்போர், குறிப்பை மட்டுமே நம்பும் முகவர். பயன், எப்பணிக்கு அழைக்கலாம், எதற்கு அழைக்கலாகாது என்பது. இவற்றோடு எடுத்துக்காட்டுகளும் வேண்டும்: ‘விகடகவி’ மாறாது வருதல், ‘தமிழ்’ என்பது ‘ழ்மித’ என வருதல், இருவகை ‘கொ’வும் ஒரே விடை தருதல்.

நிறைவுரை

ஆய்வேடுகளில் முகவர்கள் தரும் முடிவுகள் இடம்பெறத் தொடங்கும் காலம் இது. விகடகவி மாலைமாற்று அன்று என்னும் பிழை எளிதில் அகப்பட்டது. அறியப்படாத சுவடிச் செய்யுள் ஒன்றைப் பற்றி அதே விடை வந்திருந்தால் நானே நம்பியிருப்பேன். எழுத்தின் அலகை வரையறுத்துச் சொல்வது இலக்கணம் கற்றோரின் பணி. கருவிகளின் விளக்கக்குறிப்பிலும் அப்பணியைத் தமிழ்த்துறைகள் ஏற்க வேண்டும்.